கேள்வி கொண்டுபோன மாப்பிள்ளை

எனக்குக் கலியாணம் நடந்தது கோவிலுக்குள் அல்ல. கோவிலின் பின்பக்கம், சுவாமிமார் பூசைக்கு உடுப்பு மாற்றுகிற அறையில். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நான் ஏதோ ஓடிப்போய்க் கட்டியவள் என்று நினைக்கிறார்கள். ஓடவுமில்லை, ஒளிக்கவுமில்லை. நான் மெதடிஸ்தப் பெண், அவர் கத்தோலிக்கர். அவ்வளவுதான் குற்றம்.

றோமாபுரியில் ஆயர்மார் கூடிச் சட்டங்களை இளக்குவதற்கு முந்திய காலம் அது. கத்தோலிக்கர் ஒருவர் வேறு சபைப் பெண்ணைக் கட்டுவதென்றால் பீடத்துக்கு முன்னால் நிற்க முடியாது. பூசை இல்லை, பாட்டு இல்லை, பூவும் இல்லை. பின்னறையில் சாட்சிகளோடு நின்று சம்மதம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். பிறக்கப்போகிற பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று வாக்கும் கொடுக்கவேண்டும். எனக்கு அந்த அறையைப் பற்றிப் பெரிய கவலை இருக்கவில்லை. அவரைக் கட்டினால் போதும், அறை எதுவாக இருந்தால் என்ன? ஆனால் எனக்கு அப்பா என்று ஒருவர் இருந்தார்.

அப்பா திருகோணமலையில் தபால் கந்தோர் உத்தியோகத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோவிலில் பிரசங்கம் செய்வார். வாரத்தில் ஆறு நாளும் மற்றவர்களுடைய சேதியைச் சுமந்த களைப்பு தீர ஏழாம் நாள் தன்னுடைய சேதியைச் சொல்கிறார் என்று அம்மா சொல்லுவார். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பாவிடம் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் உட்காரக் கதிரை, பிறகு தேத்தண்ணி, பிறகு வேதத்தில் ஒரு கேள்வி. பால்காரருக்கும் விலக்கில்லை. அந்த மனிதர் சைவம். பால் செம்பைத் தந்துவிட்டு ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கவேண்டும்.

நான் குடாவுக்கு அக்கரையில், மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். திங்கள் காலை துறைமுகத்தில் லாஞ்சி ஏறினால் வெள்ளி பின்னேரம்தான் திரும்புவது. அவர் துறைமுக வேலைத்தலத்தில் இயந்திரம் திருத்துகிறவர். லாஞ்சியின் என்ஜின் பழுதான ஒரு திங்கட்கிழமை ஏறினார். பிறகு பழுதாகாத திங்கட்கிழமைகளிலும் ஏறத் தொடங்கினார். லாஞ்சியில் எல்லாருக்கும் விசயம் விளங்கிவிட்டது, லாஞ்சிக்காரருக்கும்தான். எங்களோடு வழக்கமாக வருகிற, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற மூதூர் முஸ்லிம் வியாபாரி ஒருவர், கோழிக்கூடைக்கு மேலே கையை ஊன்றிக்கொண்டு ஒருநாள் நேரே கேட்டார்.

“என்ன டீச்சர், முடிவெடுக்காம இழுத்துக்கொண்டே போறீங்க?”

“அவர் வேற சபை காக்கா. வீட்டில ஒத்துக்கொள்ளமாட்டினம்.”

“ரெண்டு பேரும் வேதக்காரர்தானே?”

“ஓம்.”

“ஒரே வேதம்தானே?”

“ஓம்.”

“அப்ப என்னதான் வித்தியாசம்?”

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூதூர் இறங்குதுறை வரும்வரை எங்களால் ஒழுங்கான பதில் ஒன்று சொல்ல முடியவில்லை. அப்பா மட்டும் அந்த லாஞ்சியில் இருந்திருந்தால், வியாபாரியின் கோழிகளுக்கும் விளங்கியிருக்கும்.

கடைசியில் அவர் துணிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரை கிடைத்தது. தேத்தண்ணியும் வந்தது. நான் குசினி வாசலில் மறைந்து நின்றேன்.

“தம்பி, நீர் கத்தோலிக்கரோ?”

“ஓம் ஐயா.”

“அப்ப சொல்லும். செத்த பிறகு ஆத்துமா பாவக்கடன் தீர்க்க உத்தரிக்கிற ஸ்தலம் எண்டு ஒண்டு இருக்கெண்டு சொல்லுறியள். வேதத்தில அது எவடத்தில இருக்கு?”

அவருக்கு டீசல் என்ஜினில் எந்த ஆணி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். இது தெரியாது. தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். “தெரியாது ஐயா. எங்கட கோவில் சுவாமியிட்டக் கேட்டுக்கொண்டு வாறன்” என்றார்.

அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. அப்பா கேட்ட கேள்விகளுக்கு அதுவரை யாருமே தெரியாது என்று சொன்னதில்லை. ஒன்றில் சண்டை பிடித்தார்கள், அல்லது பால்காரரைப் போல ஓடினார்கள்.

அடுத்த கிழமை அவர் பதிலோடு வந்தார். பதில் என்ன பதில், அதுவும் ஒரு கேள்விதான். “வேதாகமத்தில இன்ன இன்ன புத்தகங்கள்தான் இருக்கவேணும் எண்டு வேதாகமத்தில எவடத்தில இருக்கு எண்டு சுவாமி கேட்டுக்கொண்டு வரச் சொன்னவர்.” அப்பா எழுந்துபோய்ப் புத்தக அலுமாரியைத் திறந்தார். அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோசம்.

இப்படித் தொடங்கியது. வைகாசியில் கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து மாரி மழை பிடிக்கும்வரை அவர் சைக்கிளில் கேள்வியும் பதிலுமாக ஓடினார். சுவாமியாரின் வீடு கடற்கரைப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஆனால் மெதடிஸ்தப் பிரசங்கியார் சுவாமியார் வீட்டுப் படி ஏறினால் இரண்டு சபையிலும் கதை கிளம்பும். அப்படியென்றால் எழுதி அனுப்பலாமே என்று அம்மா கேட்டார். எழுத்தில் கொடுத்தால் சபைக்குச் சபை சவால் விட்ட மாதிரி ஆகிவிடும் என்றார் அப்பா. ஆகவே எல்லாம் வாய்ச்சொல்தான், எல்லாம் அந்தச் சைக்கிளில்தான். மரியாளிடம் மன்றாடலாமா, பாவத்தைச் சுவாமியிடம் சொன்னால்தான் தீருமா, பூசையில் வைத்த அப்பம் மெய்யாகவே ஆண்டவருடைய உடலாகிறதா. சாம்பிராணியைக்கூட விட்டுவைக்கவில்லை.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்றுதான். அப்பாவின் வாயை எனக்குத் தெரியும். அந்தச் சுவாமியாருடைய வாயும் ஊருக்குத் தெரியும். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த ஆள், நல்ல ஆகிருதி, பிரசங்க மேடையில் இருந்து ஆளைக் காட்டியே ஏசக்கூடியவர். இந்த இரண்டு பேரும் இத்தனை மாதம் தர்க்கம் செய்து இன்னும் சண்டை வரவில்லை என்றால் எங்கேயோ ஏதோ நடக்கிறது. லாஞ்சியில் வைத்து மாப்பிள்ளையைப் பிடித்தேன்.

“உண்மையைச் சொல்லுங்கோ. சுவாமி அப்பாவைப் பற்றி ‘வேலையும் பார்த்துக்கொண்டு இவ்வளவு வாசிக்கிற மனுசன் அபூர்வம்’ எண்டு சொன்னதா அப்பாவிட்டச் சொன்னீங்களே. மெய்யா அப்பிடிச் சொன்னவரோ?”

அவர் என்ஜின் மூடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “வேலையும் பார்க்கிற மனுசன் எண்டது சரி. முத்திரை குத்துற மனுசனுக்கு வேதசாத்திரம் என்னத்துக்கு எண்டு கேட்டவர்.”

“அப்பா சொல்லிவிட்டது?”

“பெண்சாதி பிள்ளை இல்லாத மனுசனுக்குக் கலியாணத்தைப் பற்றி என்ன தெரியும் எண்டு கேட்டவர். நான் சுவாமியிட்டப் போய், தனிய இருக்கிறவைக்குத்தான் ஆழமா யோசிக்க ஏலும், அவரிட்டக் கேட்டுக்கொண்டு வா எண்டு ஐயா அனுப்பினவர் எண்டு சொன்னனான்.”

நான் சிரித்த சிரிப்பில் கோழிகள் எல்லாம் கூடைக்குள் எழும்பிவிட்டன. “இது பொய்தானே?” என்றேன்.

“கேள்வியில நான் கை வைக்கிறேல்லை. கேள்வி அப்பிடியே போகும். ஏச்சை மட்டும் வழியில இறக்கிவிடுறன்,” என்றார் அவர். அந்த நிமிடம்தான் இவரைத்தான் கட்டுவது என்று என் மனம் முடிவாகச் சொன்னது. அதற்கு முன் மூக்கையும் தலைமயிரையும் பார்த்துத்தான் விரும்பினேன், அதை மறைப்பானேன்.

வேடிக்கை என்னவென்றால் அவருக்கு வரவர வேலை குறைந்துகொண்டு போனது. சுவாமி தன்னைப் புகழ்ந்தார் என்று கேட்ட அப்பாவுக்கு, பதிலுக்கு ஏச மனம் வரவில்லை. “சுவாமிக்கு என்ர வணக்கத்தைச் சொல்லும், சொல்லிப்போட்டுக் கேளும்” என்று அனுப்பத் தொடங்கினார். அந்த வணக்கம் மெய்யான வணக்கம், கூட்டிக் குறைக்கத் தேவையில்லை. அங்கேயிருந்தும் மரியாதை திரும்பி வந்தது. அம்மா பயத்தம் பணியாரம் சுட்டுக் கொடுத்துவிட்டார். சுவாமியார் தன் வளவு முருங்கைக்காயை அனுப்பினார். “றோமன் முருங்கைக்காய் எண்டாலும் நல்ல சதை” என்று அப்பா சப்பிச் சாப்பிட்டார்.

ஒரு விசயத்திலாவது இரண்டு பேரும் ஒத்துப்போனார்களா என்றால், இல்லை. ஒரு அங்குலமும் இல்லை. ஆனால் அப்பாவின் பிரசங்கம் மாறியது. முன்பு கத்தோலிக்கரைப் பற்றி “அவர்கள்” என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்லுவார். இப்போது, “இதற்கு நம்முடைய கத்தோலிக்க சகோதரர் இப்படிப் பதில் சொல்வார்கள். அது இலேசான பதில் அல்ல” என்று சொல்லி, அவர்கள் பக்க நியாயத்தை அவர்களே சொல்லமுடியாத அளவு வடிவாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகுதான் மறுப்பார். எங்கள் சபையார் சிலருக்குத் தலை சுற்றியது. பிரசங்கியார் அந்தப் பக்கம் சாய்கிறாரோ என்று அம்மாவிடம் வந்து கேட்டவர்களும் உண்டு. அம்மா பணியாரத் தட்டை நீட்டிக் கதையை மாற்றிவிட்டார்.

மாரி தொடங்கிய கையோடு அப்பா சம்மதம் சொன்னார். பிள்ளைகளைப் பற்றிய வாக்கைக் கேட்டு முகம் சுண்டியது. பிறக்காத பிள்ளையையும் பங்குபோடுகிறார்களே என்றார். அதையும் ஒருவாறு விழுங்கிக்கொண்டார். பிறகு கலியாணம் எங்கே என்று கேட்டார். மாப்பிள்ளை அந்த அறையைப் பற்றிச் சொன்னார்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

“என்ர ஒரே பிள்ளையை உடுப்புத் தொங்கப்போடுற அறைக்குள்ளயோ கட்டிக்குடுக்கிறது? நாங்கள் என்ன, பின்வாசலால வாற ஆக்களோ? அந்த அறைக்குள்ள நான் கால் வைக்கமாட்டன். இதைப் போய்ச் சொல்லும். நான் சொன்ன மாதிரியே சொல்லும்.”

எனக்கும் அப்பாவின் இரத்தம்தானே. அப்பா வராமல் நான் கழுத்தை நீட்டமாட்டேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்புத்தான். ஆனால் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தால் அது உண்மையாகவே இருந்தது. அவரில்லாமல் என்னால் வாழமுடியும் என்று தோன்றவில்லை, அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கக் கட்டவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு அந்தக் கிழமை முழுக்க மூதூர்ப் பிள்ளைகளின் மேல் எரிந்து விழுந்தேன்.

அந்தச் சேதியில் இறக்கிவிட ஏச்சு ஒன்றும் இல்லை. அவர் அதை அப்படியே கொண்டுபோனார். மூன்றாம் நாள் பின்னேரம், மழை விட்டிருந்த நேரம், சுவாமியார் தானே வந்து எங்கள் படலையைத் திறந்தார். அங்கியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு வெள்ளத்தைத் தாண்டி வந்தார். பின்னால் குடையோடு என் மாப்பிள்ளை. முகத்தில் இரத்தமே இல்லை.

அப்பா எழுந்து நின்று வரவேற்றார். கதிரை, தேத்தண்ணி. கேள்வி வரவில்லை. அதற்குப் பதிலாக அப்பா கொஞ்சம் வெட்கத்தோடு நன்றி சொன்னார்.

“வேலையும் பார்த்துக்கொண்டு இவ்வளவு வாசிக்கிற மனுசன் அபூர்வம் எண்டு என்னைப் பற்றிச் சொன்னனீங்களாம் சுவாமி. பெரிய மனசு உங்களுக்கு.”

“நானோ?” என்றார் சுவாமி. திரும்பி இவரைப் பார்த்தார். இவர் கூரையைப் பார்த்தார். சுவாமி மெல்ல, “தனிய இருக்கிறவைக்குத்தான் ஆழமா யோசிக்க ஏலும் எண்டு நீங்கள்தானே சொல்லிவிட்டனீங்கள்?” என்றார்.

இப்போது அப்பா இவரைப் பார்த்தார். “தம்பி, நான் என்ன சொன்னனான்?”

“ஐயா, அது இப்ப…”

“சொல்லும்.”

சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். பாவிக்கு என்ன ஞாபகம். பெண்சாதி இல்லாத மனுசன், முத்திரை குத்துற மனுசன், அங்கி போட்டதெல்லாம் அப்போஸ்தலன் இல்லை, ஹார்மோனியம் வாசிச்சாப்போல சபை ஆகாது. தெருவில் கொட்டியதாக நாங்கள் நினைத்த எல்லா ஏச்சும் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து குவிந்தது. அம்மா அடுப்படியில் நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். என் கலியாணம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

முதலில் பேசியவர் சுவாமி. “அந்த முத்திரைக் கதை நான் சொன்னதுதான். அண்டைக்கு உங்கட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியேல்லை. அந்தக் கோபம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“என்ர கதை அதைவிட மோசம் சுவாமி,” என்றார் அப்பா. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “இதெல்லாம் அப்ப அப்பிடியே உங்களிட்ட வந்திருந்தா?”

“ரெண்டாம் கேள்விக்கு நான் வாயே திறந்திருக்கமாட்டன்.”

“நான் மூண்டாவது கேட்டிருக்கமாட்டன்.”

அப்பாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். இவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கதிரையின் நுனியில் இருந்து வேர்த்துக்கொண்டிருந்தார்.

சிரித்து முடிந்த பிறகும் அந்த அறை அங்கேயேதான் இருந்தது.

“சுவாமி, உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அதுக்காக அந்த அறைக்குள்ள வர ஏலாது. வந்தா என்ர சபை ரெண்டாந்தரம் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி.”

“சட்டத்தை மாத்த என்னால ஏலாது,” என்றார் சுவாமி. “அதை மீறவும் மாட்டன். ஆனா நீங்கள் வராதேயுங்கோ. உங்கட இடத்தில நிண்டா நானும் வரமாட்டன்.”

எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. கூட்டிக்கொண்டு போக வந்த மனிதர் வராதேயுங்கோ என்கிறாரே! வெளியே போய் நாலு வார்த்தை கேட்போமா என்று சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டேன்.

“அந்த அறைக்கு வளவுப் பக்கம் ஒரு கதவு இருக்கு,” என்று சுவாமி தொடர்ந்தார். “கதவுக்கு வெளியில ஒரு வேப்பமரம். அது எந்தச் சபையிலயும் இல்லை. மேசையைக் கதவடிக்கு இழுத்துப் போடுறன். பிள்ளையள் ரெண்டும் உள்ளுக்கு நிக்கட்டும். நீங்கள் வெளியில நிண்டு பாருங்கோ. கை நீட்டினாப் பிடிக்கலாம்.”

அப்பா புத்தக அலுமாரியைத் திரும்பிப் பார்த்தார். “வேப்பமரத்துக்குக் கீழ நிக்கிறதுக்கு எதிரா வேதத்தில ஒண்டும் இல்லை,” என்றார்.

கலியாணத்தன்று மழை இல்லை. அந்த அறையில் சாம்பிராணி மணந்தது. சுவரோரம் பூசை உடுப்புகள் வரிசையாகத் தொங்கின. ஒரு மூலையில் எரிந்து முடிந்த மெழுகுதிரிகளின் பெட்டி. சொன்னபடி மேசை கதவடியில் கிடந்தது. அறையில் பூ வைக்கக்கூடாது என்பதால் அவருடைய அம்மா ஒரு கூடைப் பூவையும் தன் கொண்டையிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். சட்டம் அறைக்குத்தானே, தலைக்கு இல்லையே என்று என் காதில் சொன்னார். எங்கள் அம்மா உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். அப்பா கோட்டும் காலில் சப்பாத்துமாக வேப்பமரத்தடியில், நிலைப்படிக்கு இரண்டு முழம் தள்ளி நின்றார். அவருக்குப் பின்னால் துறைமுகத்தின் நீலம் கொஞ்சம் தெரிந்தது. அப்பா வந்துவிட்டார், போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

அந்தச் சடங்கில் செபம் என்று ஒன்று இல்லை. சம்மதம் கேட்கிறதோடு சரி. ஆனால் சுவாமி தொடங்கும் முன், “எல்லாருக்கும் தெரிஞ்ச செபத்தைச் சொல்லுவம்” என்று பரமண்டல செபத்தை ஆரம்பித்தார். உள்ளே இருந்தவர்கள் சேர்ந்தோம். வெளியிலிருந்து அப்பாவின் பிரசங்கக் குரலும் சேர்ந்தது.

அந்தச் செபத்தில் ஒரு இடம் உண்டு. தீமையிலிருந்து காக்கும்படி கேட்டதோடு கத்தோலிக்கர் ஆமென் சொல்லி முடித்துவிடுவார்கள். நாங்கள் இன்னும் ஒரு வரி சொல்லித்தான் முடிப்போம். இரண்டு சபையாரும் கூடுகிற செத்தவீடுகளில் எங்கள் ஆட்கள் அந்த வரியைத் தனியே சொல்லத் தொடங்கிவிட்டு, சுற்றிப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்வது வழக்கம். அன்றைக்கு அப்பா அந்த இடத்தில் தானாகவே நிறுத்திக்கொண்டார். இது அவர்களுடைய இடம், அவர்களுடைய முறை என்று நினைத்திருக்கவேண்டும். அவர் எதற்காகவும் வாயை மூடி நான் அதுவரை கண்டதில்லை.

ஆனால் சுவாமி நிறுத்தவில்லை. “ராச்சியமும்…” என்று தொடங்கினார்.

அவருடைய ஆட்கள் தலையை நிமிர்த்தினார்கள். சுவாமி எங்களுக்காக அந்த வரியைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. பாடம் சரியாகப் பிடிபடவில்லை என்பதும் விளங்கியது. அவ்வளவு பெரிய மனிதர் நெற்றி வேர்க்க மறுபடியும் “ராச்சியமும்…” என்றார். அடுத்த சொல் வரவில்லை. நான் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன்.

“வல்லமையும்,” என்றார் அப்பா வெளியிலிருந்து.

அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. சுவாமிக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு வாசல் பக்கம் குனிந்தார். அப்பா நிலைப்படியைத் தாண்டி வந்து, மேசையைச் சுற்றி அவர் பக்கத்தில் போய் நின்று, ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தார். சுவாமி ஒவ்வொரு சொல்லாகப் பின்னால் சொன்னார். இருவரும் சேர்ந்து ஆமென் என்றார்கள். அதன் பிறகுதான் எல்லாரும் சொன்னோம்.

அப்பா நிமிர்ந்தபோது தோளில் ஒரு பூசை உடுப்பு உரசியது. திரும்பி அதைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். சுவாமி எதையும் காணாதவர் போல மேசையில் இருந்த மோதிரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். வெளியே வேப்பமரத்தடி வெறுமையாகக் கிடந்தது. அப்பா போய்விடுவாரோ என்ற பயத்தில் நான் கையை நீட்டி அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“சுவாமிக்குப் பாடம் வரேல்லைப் பிள்ளை, அதுதான் உள்ள வந்தனான்,” என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். பிறகு கோட்டிலிருந்து என் கையைப் பிரித்து எடுத்து, அதை மாப்பிள்ளையின் கையில் வைத்துவிட்டு, அங்கேயே நின்றார்.